எல்டிஓ-8 டேப் டிரைவ்: எட்டு வருஷக் கணக்கைக் காப்பாற்ற வாங்கலாமா?

கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். அப்பீல் ஏதாவது நடந்தால் இன்னும் நீளும். அவ்வளவு காலம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஓடாமலே கிடக்கும் டிஸ்க்கில் மோட்டார் சிக்கிக்கொள்ளலாம். மின்சாரமே பார்க்காத எஸ்எஸ்டியில் பதிவு மெல்ல அழியும். நல்ல சூழலில் வைத்தால் 30 வருஷம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்டிஓ என்ற காந்த நாடாவை (டேப்) அதனால்தான் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

நாடா அடங்கிய பெட்டிதான் காட்ரிட்ஜ். எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 காட்ரிட்ஜ் ஒன்றில் 12 டிபி (டெராபைட்) பிடிக்கும். உறையில் போட்டிருக்கும் 30 டிபி, கம்ப்ரஸ் செய்தால் வரும் கணக்கு. ஸ்கேன் செய்த பிடிஎஃப், ஜேபெக், வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றுக்கு அது கிடைக்காது. காட்ரிட்ஜ் சில ஆயிரம் ரூபாய்தான், அதில் எழுதிப் படிக்கும் டிரைவ்தான் லட்சக் கணக்கில் இழுக்கும். மொத்த டேட்டாவே ஒன்றிரண்டு டிபி என்றால் இந்தச் செலவு வேண்டாம். அச்சகம், எக்ஸ்போர்ட் ஹவுஸ், ஸ்கேன் சென்டர் போல வருஷத்துக்குப் பல டிபி சேருகிற இடங்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

யுஎஸ்பியில் செருகி வேலை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் இது எஸ்ஏஎஸ் (சர்வர்களில் டிஸ்க் மாட்டும் வகை) இணைப்பு. கம்ப்யூட்டரில் தனி கார்டு போட வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது ‘எச்பிஏ’ (டிரைவை நேராகக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டு) என்று அழுத்திக் கேளுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டில் மாட்டினால் பல சமயம் டிரைவ் கண்ணுக்கே தெரியாது. கேபிள் முனையிலும் ரகங்கள் உண்டு. டிரைவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

ஹாஃப் ஹைட் (உயரம் குறைந்த) மாடல் நொடிக்கு 300 எம்பி வரை எழுதும். அந்த வேகத்தில் முழு காட்ரிட்ஜ் நிரம்ப 11 மணி நேரம் ஆகும். ஆனால் அந்த வேகத்துக்கு டேட்டா வந்து சேர வேண்டுமே! ஆபீஸ் நெட்வொர்க் 1 ஜிகாபிட் என்றால் அதிகபட்சம் 110 எம்பி சொச்சம்தான். டிரைவ் ஓரளவுக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் நாடா நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடும். உள்ளே கர்க் கர்க்கென்று விட்டுவிட்டுச் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். நாடாவும் ஹெட்டும் சேர்ந்து தேயும். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை எல்டிஎஃப்எஸ் (டேப்பைச் சாதாரண ஃபோல்டர் போலக் காட்டும் முறை) வழியாக நேரே இழுத்துப் போட்டாலும் இதே கதை. முதலில் எல்லாவற்றையும் அதே கம்ப்யூட்டரின் என்விஎம்இ டிஸ்க்குக்கு (வேகமான எஸ்எஸ்டி) கொண்டு வாருங்கள். சின்ன ஃபைல்களை வருஷவாரியாக டார் கோப்பாக (பல ஃபைல்களைச் சேர்த்த ஒரே ஃபைல்) கட்டுங்கள். எஸ்எச்ஏ-256 பட்டியல் (ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை போன்ற ஒரு குறியீடு) எடுத்துக்கொண்டு, அதன் பிறகு எழுதுங்கள். எழுதி முடித்ததும் டேப்பிலிருந்து திரும்பப் படித்து அந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பலரும் விடுகிற வேலை இதுதான், விடக் கூடாத வேலையும் இதுதான்.

சென்னையில் டேப்புக்கு முதல் எதிரி ஈரப்பதம். நீண்ட கால இருப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பகலில் ஏசி, ராத்திரி மெயின் ஸ்விட்ச் ஆஃப் என்று நடக்கும் ஆபீஸில் ஈரம் தினமும் ஏறி இறங்கும். கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட் வாங்கி, 40 சதவீதத்தில் செட் செய்து, காட்ரிட்ஜ்களை அதன் டப்பாவோடு நிற்க வைத்து அடுக்குங்கள். வெளியிலிருந்து வந்த டேப்பை உடனே டிரைவில் போடாமல், 24 மணி நேரம் அதே அறையில் விடுங்கள். க்ளீனிங் காட்ரிட்ஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். அதன் நாடா சொரசொரப்பானது, அடிக்கடி போட்டால் ஹெட் தேயும்.

இதில் எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரிவது தலைமுறைப் பிரச்சினைதான். எல்டிஓ-7 வரை டிரைவ்கள் இரண்டு தலைமுறை பின்னால் வரை படித்தன. எல்டிஓ-8 டிரைவ் 7-ஐ மட்டும் படிக்கும், 9 டிரைவ் 8-ஐ மட்டும். எல்டிஓ-10 டிரைவோ பழைய தலைமுறை எதையும் படிக்காது. நாடா 30 வருஷம் இருந்தும் படிக்க டிரைவ் இல்லையென்றால் என்ன பயன்? ஆறேழு வருஷத்தில் எல்லாவற்றையும் புதிய டேப்புக்கு மாற்றும் செலவையும் இப்போதே பட்ஜெட்டில் சேருங்கள்.

டேப் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது திறக்காமல் போகலாம். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் பழைய 7.2 டேட்டா இன்றைய வெர்ஷனில் நேராகத் திறக்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். டேட்டாவைப் பூட்டும் டேலி வால்ட் பாஸ்வேர்டு தொலைந்தால் மீட்க வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு வருஷக் கணக்கு முடிந்ததும் லெட்ஜர், டே புக், டிரையல் பேலன்ஸை பிடிஎஃப்/ஏ-வாகவும் (நீண்ட காலம் காக்க வகுத்த பிடிஎஃப்) எக்ஸ்எம்எல்லாகவும் (எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு) எடுத்து டேட்டா ஃபோல்டரோடு சேர்த்து எழுதுங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கடிதங்கள், ஒப்பந்தங்கள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிரதி ஒன்றும், எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஒன்றும் வையுங்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பழைய அசல் ஃபைல்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

கம்பெனிகள் தினசரி பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்ற விதிக்கு இந்த டேப் மாற்றாகாது, கூடுதல் காப்புதான். இரண்டு செட் எழுதுங்கள். 2015-இல் ஈக்காட்டுத்தாங்கலிலும் 2023 மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். முதல் செட்டுக்கு மாடி. இரண்டாவதுக்கு கோயம்புத்தூரோ ஓசூரோ. கூடவே ஃபைல் பட்டியலின் பிரின்ட்டும், பாஸ்வேர்டுகள் எழுதி ஒட்டிய கவரும் போகட்டும்.