முப்பரிமாண எக்கோ: மூன்று முறை போய் வந்த பிறகு எழுதுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இயங்கும் இதய எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) நிலையத்துக்கு அம்மாவை இதுவரை மூன்று முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்காக அவர் டிராஸ்டுஸுமாப் ஊசி போட்டுக்கொள்கிறார். அம்மருந்து சிலருக்கு இதயத் தசையைத் தளர்த்திவிடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். முன்பு இதற்காக விடியற்காலையிலேயே ஈப்போவுக்குக் கிளம்புவோம். இப்போது வீட்டில் பசியாறிவிட்டு நிதானமாகப் போகலாம். ஆனால் இதய நோயாளிகள் வருகிற இடத்துக்கு மின்தூக்கி இல்லை, செங்குத்தான படிக்கட்டு மட்டுமே உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எக்கோவில் நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பது ஒரே ஓர் எண். இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே அது. நிரம்பும்போது 80 மில்லிலிட்டரும் சுருங்கிய பின் 32 மில்லிலிட்டரும் இருந்தால், விடை 60 விழுக்காடு. வழக்கமான இருபரிமாண எக்கோவில் இந்தக் கொள்ளளவு நேரடியாக அளக்கப்படுவதில்லை. இரண்டு கோணங்களில் எடுத்த வெட்டுப்படங்களில் அறையின் ஓரத்தை வரைந்து, இடைப்பட்ட வடிவத்தை ஊகித்துக் கணக்கிடுகிறார்கள். கருவி சற்றே சாய்ந்து அறையின் நுனியைத் தவறவிட்டால், அறை குட்டையாகத் தெரியும், கணக்கும் பிசகும். முப்பரிமாணக் கருவியின் முனையில் ஏறத்தாழ 3000 நுண்படிகங்கள் இருப்பதால், அது கூம்பு போன்ற ஒரு முழுப் பகுதியையே ஒருசேரப் பதிவுசெய்கிறது. எங்கே வெட்டுவது என்ற சிக்கலே எழுவதில்லை.

முதல் முறை எடுத்தது முப்பரிமாணத்தில்தான். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, மார்பில் மூன்று ஈசிஜி ஒட்டிகளைப் பொருத்தினார் அந்தத் தொழில்நுட்பர். "மூச்ச விட்டுட்டு அப்படியே புடிச்சிக்குங்கம்மா" என்றார். நான்கு துடிப்புகளில் கிடைக்கும் துண்டுகளை இயந்திரம் ஒன்றாகத் தைப்பதால் அந்தச் சில நொடிகள் அசையக் கூடாது. அம்மா இருமிவிட்டார். திரையில் இதயச் சுவர் நடுவில் படிபோல விலகி நின்றது. அதை அப்படியே கணக்கில் சேர்க்காமல், அவர் மீண்டும் இரண்டு முறை எடுத்தார். விடை 62 வந்தது.

இரண்டாம் முறை வேறொருவர் பணியில் இருந்தார், கூட்டமும் மிகுதி. பத்து நிமிடத்தில் இருபரிமாணப் படம் மட்டும் எடுத்து, 51 என்று அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். எந்த முறையில் அளந்தது என்று அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை, கட்டணம் மட்டும் முன்பு வாங்கிய அதே 350 ரிங்கிட். பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கி 53க்குக் கீழே போனால் மருந்தால் இதயம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கருதுவது வழக்கம். ஆகவே ஈப்போ மருத்துவர் அடுத்த ஊசியைத் தள்ளிவைத்தார். அந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை.

இருபரிமாண அளவு, இதயத்தில் எந்த மாற்றமும் இல்லாதபோதே பத்துப் புள்ளி வரை முன்பின் ஆகக்கூடியது. முப்பரிமாணத்தில் அந்த ஊசலாட்டம் ஏறத்தாழ ஆறு புள்ளிக்குள் அடங்குகிறது. தொடர்ந்து கண்காணிப்போருக்கு இதுதான் உண்மையான பயன். திரையில் சுழலும் அழகான படம் அன்று. அம்மா இதை என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார். 28 ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். "ஒரு நாளு ஒரு தராசு, மறுநாளு வேற தராசுன்னா கிராணி எழுதுற கணக்கு எப்புடிப்பா நிக்கும்?" என்றார், தோட்டத்துக் கணக்கரை நினைத்து. மூன்றாம் முறை, முதலில் பார்த்த தொழில்நுட்பர் இருக்கும் நாளைக் கேட்டறிந்து போனோம். முப்பரிமாணத்தில் 60 வந்தது. ஊசியும் மீண்டும் தொடங்கியது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்குத் துண்டுகள் சரியாகத் தைபடுவதில்லை. ஒரே துடிப்பில் முழுதும் பதியும் வசதி சில இயந்திரங்களில் உண்டு என்றாலும் இங்கே அது இல்லை. நுரையீரல் நோயாலோ உடற்பருமனாலோ படம் மங்கினால் முப்பரிமாணமும் கைகொடுக்காது. பிறைபோல வளைந்த வலது கீழறையின் கொள்ளளவைக் கணக்கிட இம்முறை மிகவும் ஏற்றது, ஆனால் அதற்கான மென்பொருளை இந்நிலையம் வாங்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்திருப்பவர்கள் அந்தக் கொள்ளளவுகளை இதனோடு ஒப்பிட வேண்டாம். எக்கோவில் அவை சற்றுக் குறைவாகவே வரும்.

பதிவு செய்யும்போதே முப்பரிமாணம் வேண்டும் என்று சொல்லி, முகப்பில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கடைசி முறை நான் வற்புறுத்திக் கேட்டதால், அளந்த முறை, எடுத்த துடிப்புகளின் எண்ணிக்கை, அன்றைய இரத்த அழுத்தம், படத்தின் தரம் ஆகிய நான்கையும் தொழில்நுட்பர் அறிக்கையின் அடியில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அச்சுப் படிவத்தில் அவற்றுக்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.