ஒரு பர்சென்டில் முடியாத கிரயம்

2025 தை மாதம் ஸ்ரீரங்கத்தில் நடந்த ஒரு வீட்டு விற்பனை பற்றியது இது. இதில் வரும் பிரிவு, படிவம், வரிவிகிதம் எல்லாம் அன்றைய வருமான வரிச் சட்டப்படி. வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைத்தது, பட்டாவில் சிக்கலில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நேரத்துக்கே கூப்பிட்டார்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எரிச்சல் முழுக்க, விற்பவர் வெளிநாடுவாசி என்றால் வீட்டை வாங்குபவரிடம் இருக்கவேண்டிய ஒரு பத்து எழுத்து எண்ணில்: டான், அதாவது வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்.

விற்பவர்கள் அண்ணனும் தங்கையும். அப்பா 1988இல் வாங்கிய வீடு, 2016இல் அவர் போனபின் இருவருக்கும் சரிபாதி. அண்ணன் திருச்சிவாசி, தங்கை நியூஜெர்சிவாசி. விலை 90 லட்சம், ஆளுக்கு 45. பத்திரம் எழுதுபவர் வழக்கம்போல இருவர் பெயருக்கும், விலையில் வரி பிடித்துக் கட்டுவதற்கான படிவம் 26கியூபி நிரப்பி வைத்திருந்தார். "ஒன் பர்சென்ட் கட்டிட்டா முடிஞ்சுது சார், ஆபீஸ்ல வேற எதுவும் கேக்க மாட்டாங்க." ஆபீஸில் கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. வம்பே அங்கேதான்.

அந்த ஒரு சதவீதம் 194-ஐஏ பிரிவு. விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் மட்டும் பொருந்தும். அண்ணனுக்கு 45,000 ரூபாய், சரி. தங்கை என்ஆர்ஐ என்பதால் அவர் பங்கு 195ஆம் பிரிவுக்குப் போகும். 194-ஐஏவில் வீட்டின் மொத்த விலைக்கு உள்ள 50 லட்சம் வரம்பெல்லாம் அங்கே கிடையாது; ஒரு லட்சத்துக்கு விற்றாலும் பிடித்தாகவேண்டும். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அந்த வரித்தொகையின்மேல் 4 சதவீத செஸ், ஆக 13. தங்கை ஒருவரே முழு 90 லட்சத்துக்கும் விற்பவராக இருந்திருந்தால் பெரிய வருமானத்துக்கான கூடுதல் வரியான சர்சார்ஜும் சேர்ந்து 14.3 ஆகியிருக்கும். சட்டப்படி வரி லாபத்துக்குத்தான். ஆனால் லாபம் எவ்வளவு என்று வாங்குபவர் தானே கணக்குப் போட்டுக்கொள்ள முடியாது. குறைத்துப் பிடிக்கலாம் என்று வருமான வரித்துறையின் சான்று கையில் இல்லாவிட்டால் முழு விலைக்கும் பிடிப்பதே அவருக்குப் பாதுகாப்பு. 45 லட்சத்துக்கு 5.85 லட்சம். குறைத்துப் பிடித்தால் பாக்கியும் மாதம் ஒரு சதவீத வட்டியும் வாங்கியவர் தலையில்தான் விடியும்.

இதை 26கியூபியில் கட்ட முடியாது. வாங்குபவர் படிவம் 49பி போட்டு டான் எண் எடுக்கவேண்டியிருந்தது. பான் இல்லை, டான். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு வீடு வாங்க, கம்பெனிகள் எடுக்கிற எண்ணை எடுக்கவேண்டியிருந்தது. "எதுக்கு சார் எனக்கு இது?" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அமெரிக்காவில் இதே சட்டத்தின் மறுபக்கம் இருக்கிறது. வெளிநாட்டவர் அங்கே வீடு விற்றால், ஃபிர்ப்டா சட்டப்படி வாங்குபவர் விலையில் 15 சதவீதம் பிடித்து 20 நாளுக்குள் படிவம் 8288 உடன் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பவேண்டும். கடுமை ஒன்றும் குறைவில்லை. ஆனால் அங்கே கிரயத்தை நடுவில் நின்று முடித்துக்கொடுக்கும் டைட்டில் கம்பெனி, கையெழுத்துக்கு முன்னாலேயே விற்பவர் வெளிநாட்டவரா என்று எழுதி வாங்கிவிடும். குறைத்துப் பிடிக்க 8288-பி விண்ணப்பத்தைப் பத்திரத் தேதிக்குள் போட்டுவிட்டால், பதில் வரும்வரை பணத்தை எஸ்க்ரோவில், அதாவது நடுவிலுள்ளவர் கணக்கில், வைத்திருக்கலாம். நம் ஊரில் நடுவில் பணத்தை வைத்துக்கொள்ள ஆளில்லை. விண்ணப்பம் போட்டாயிற்று என்றால் போதாது, சான்று கையில் இருக்கவேண்டும்.

வரிசை தப்பினால்தான் எல்லாம் கெடுகிறது. குறைந்த வரிக்கான படிவம் 13ஐத் தங்கை வருமான வரித்துறையின் டிரேசஸ் தளத்தில் போடவேண்டும். சான்று குறிப்பிட்ட வாங்குபவரின் டான் எண்ணுக்கு எதிராகத்தான் தரப்படும். ஆகவே முதலில் டான், பிறகு படிவம் 13, சான்று வந்தபின் பணம். நான்கைந்து வாரம் கையில் வேண்டும். பான் இன்னும் பழைய உள்ளூர் வார்டிலேயே கிடந்தால், சர்வதேச வரிப் பிரிவுக்கு மாற்ற இன்னும் கொஞ்சம். அட்வான்ஸ் முந்திவிட்டால் அதற்கும் அன்றே பிடித்திருக்கவேண்டும். பின்னால் வரும் சான்று முன்தேதிக்குப் போகாது. இங்கே மார்கழிக்கு முன்பே தங்கைக்கு 5 லட்சம் செக் முழுசாகப் போய்விட்டது. அதன் 65,000 வட்டியோடு ஏறியது.

முகூர்த்தத்துக்கு நாளில்லாததால் படிவம் 13 கைவிடப்பட்டது. முழு 5.85 லட்சமும் போனது. அப்பா வாங்கிய விலைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் 2001 ஏப்ரல் 1 தேதி மதிப்பு தங்கையின் பங்குக்கு 6 லட்சம், லாபம் 39 லட்சம், உண்மையான வரி 5.07. மீதி 78,000 ரிட்டர்ன் போட்டால் திரும்பும். ஆறு மாதத்துக்குள் ஆதாய வரிவிலக்கு தரும் 54ஈசி பாண்டில் போட்டால் இன்னும் வரும். அண்ணனுக்கோ, அவர் இந்தியாவாசி, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், பழைய 20 சதவீதத்தையும் விலைவாசிக் குறியீட்டையும் எடுத்துக்கொள்ளும் சலுகை உண்டு: 6 லட்சம் 21.78 ஆகி, செஸ்ஸுக்கு முன் வரி 4.64 லட்சம். தங்கைக்கு அதே இடத்தில் 4.88. ஒரே அப்பா, ஒரே வீடு, இரண்டு கணக்கு.

மதிப்பீட்டாளரிடம் போகும்போது இரண்டு தேதிக்கும் அறிக்கை கேளுங்கள். இந்தியாவுக்கு 2001, அதுவும் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். அமெரிக்காவுக்கு அப்பா இறந்த தேதியின் சந்தை மதிப்பு. அங்கே அடக்கவிலை அதுதான். அதனால் அமெரிக்க லாபம் சின்னதாகி, இந்தியாவில் கட்டிய வரி, வெளிநாட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் அங்குள்ள படிவம் 1116இல் முழுக்கக் கழியாமல் மிஞ்சும். மிச்சத்தை ஓராண்டு பின்னே, பத்தாண்டு முன்னே கொண்டுபோகலாம். இரட்டை வரி ஒப்பந்தம் காப்பாற்றும் என்று சொல்கிறவர்கள் அதன் 13ஆம் பிரிவைப் படிப்பது நல்லது: மூலதன ஆதாயத்தை இரு நாடும் தத்தம் சட்டப்படி விதிக்கலாம் என்பதோடு சரி.

பணம் தங்கை இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து, வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான 15சிஏ, 15சிபி படிவங்கள் போட்டு வெளியே போவதில் தகராறில்லை, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை. தகராறு மே 31இல். தையில் பிடித்த வரிக்கு அன்றைக்குள் வாங்கியவர், பிடித்த வரிக்குக் கணக்குக் காட்டும் படிவம் 27கியூ தாக்கல் செய்யவேண்டும். தாமதித்தால் அவருக்கு நாளுக்கு 200 ரூபாய். அதுவரை தங்கையின் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஒரு பைசாவும் தெரியாது. பத்திரம் முடிந்து நாலு மாதம் கழித்து, சாவி வாங்கியவர் போனை எடுப்பாரா என்பது அவரவர் ராசி. இங்கே ஆடிட்டருக்கான 27கியூ கட்டணத்தைத் தங்கையே பதிவன்று கட்டி, வாங்கியவரின் டான் லாகின் விவரத்தையும் ஆடிட்டரிடமே ஒப்படைக்கச் செய்தார்.