‘ட்ராக் ரெடி’ ஆர்சி 390: ஃபைபரைக் கழற்றிய பிறகு தெரிந்தவை

பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை ‘ட்ராக் ரெடி’ (ரேஸ் ட்ராக்கில் ஓட்டத் தயார்) என்று யாராவது விற்றால், ஃபேரிங் முழுவதையும், அதாவது வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் உறையை, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள், அட்வான்ஸ்கூட வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம்.

இங்கே பேசும் வண்டி முதல் தலைமுறை கேடிஎம் ஆர்சி 390, 2021 வரை வந்த உருவம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ‘ட்ராக் டே’ (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஓட்டுவதற்காகவே வாங்கப்பட்டது. விற்றது, பழைய வண்டிகளை ட்ராக்குக்குத் தயார்செய்து விற்கும் சென்னைக் கடை ஒன்று. கடைப் பெயர் வேண்டாம்; இதே வியாபாரம் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கையில் கொடுத்த பில்லில் இருந்தவை: ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்கள்) சர்வீஸ், டாட் 5.1 பிரேக் ஆயில், வால்வ் க்ளியரன்ஸ் (வால்வ் இடைவெளி) சரிபார்ப்பு, கூலன்ட், ரேஸ் ஃபைபர் (ரேஸுக்கான ஃபேரிங்), சாஃப்ட் காம்பவுண்ட் டயர். ‘ப்ரோ, ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்’ என்று சாவியையும் நீட்டினார்கள். ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. இருக்கவும் இருக்காது. சர்வீஸ் ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் லேசாக வளைந்த ஃபோர்க்கும் நேராகத்தான் போகும், கெட்டுப்போன பிரேக் ஆயிலும் நன்றாகத்தான் பிடிக்கும்.

முதல் ட்ராக் டேயின் இரண்டாவது செஷனில், நேர்பாதை முடிவில் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. ஓட்டியவர் விழவில்லை. வண்டியை டாடா ஏஸில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து பிரித்தபோது, பில்லில் இருந்த வரிகள் ஒவ்வொன்றாகப் பொய்த்தன.

பிரேக்கிலிருந்து தொடங்கலாம். ரிசர்வாயர் மூடியைத் திறந்தால் உள்ளே டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில். புது டாட் 5.1 ஆயில் தெளிவாக, லேசான மஞ்சளாக இருக்கும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, டாட் 5.1க்கு 260. இரண்டுமே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 4க்கான அளவு 155 டிகிரி, 5.1க்கு 180. ரோட்டில் எப்போதாவது ஒருமுறைதான் அழுத்திப் பிடிப்போம், இடையில் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) ஆறிவிடும். ட்ராக்கில் ஒவ்வொரு லேப்பிலும் திரும்பத் திரும்ப அழுத்துகிறோம். ஆறுவதற்கு நேரமே கிடையாது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். லீவர் இறங்கியது அதனால்தான். பேடைக் கழற்றிப் பார்த்தால் முகம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. பழைய பேடையே சுத்தம்செய்து மாட்டியிருக்கிறார்கள். பிரேக் வேலை செய்ததாகச் சொன்னால் உங்கள் கண் முன்னால் ப்ளீட் செய்யச் சொல்லுங்கள், அதாவது பழைய ஆயிலை வெளியேற்றிப் புதியதை ஏற்றச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை, ஒரு சின்ன பாட்டில் ஆயில். டிஸ்கின் மேல் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள், கண்ணால் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.

அடுத்தது ஃபைபர். பெரிய ஏமாற்று இங்கேதான். ரேஸ் ஃபேரிங் போடுவது தப்பே இல்லை. விழுந்தால் கம்பெனி பிளாஸ்டிக்கைவிடச் செலவு குறைவு. ஆனால் அது வண்டியின் பழைய காயங்களை மூடிவைக்கும் போர்வையும்கூட. இந்த வண்டியில் இன்ஜினின் இடது பக்க மூடியான மேக்னட் கவரில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை, அதை எம்-சீல் வைத்து அடைத்து, மேலே கறுப்பு ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. இன்ஜின் சூட்டில் ஒருநாள் அது கழன்றால் ஆயில் நேராகப் பின் டயரில்தான் விழும். இதைத் தடுக்கத்தான் ரேஸ் ஃபேரிங்கின் அடித்தட்டு இன்ஜினிலிருந்து கொட்டும் ஆயிலையும் கூலன்டையும் பாதி அளவாவது தாங்க வேண்டும் என்பது ரேஸ் விதி. இந்த அடித்தட்டில் தண்ணீர் வடிவதற்கென்று நான்கு துளை போட்டிருந்தார்கள், மூடுவதற்கு ரப்பர் அடைப்பான் ஒன்றுகூட இல்லை. ரேஸ் ஃபைபர் என்று இதற்குப் பணம் வேறு.

விழுந்த வண்டி என்பதால் மட்டும் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ட்ராக்கில் ஒருமுறைகூட விழாத ட்ராக் பைக் என்றால், அது ட்ராக் பக்கமே போயிருக்காது, இல்லையென்றால் சொல்பவர் உண்மையைச் சொல்லவில்லை. எப்படி விழுந்தது என்பதுதான் கேள்வி. நீளமான, ஒரே திசையில் ஓடும் கீறல்கள் என்றால் வண்டி சறுக்கிக்கொண்டே போயிருக்கிறது. ஃபுட்பெக், லீவர், ஹேண்டில் முனை தேய்ந்திருக்கும். பெரும்பாலும் அதோடு முடிந்தது. இரண்டு பக்கமும் குத்துக் காயம், டேங்க்கின் மேல் பக்கத்தில் பள்ளம், வால் பகுதி கோணல் என்றால் வண்டி உருண்டிருக்கிறது. அதில் சேஸிஸைச் சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சந்தேகத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹேண்டில் ஸ்டாப். ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது டி-ஸ்டெம் (இரண்டு ஃபோர்க்கையும் பிடித்திருக்கும் பாகம்) வந்து முட்டும் சின்ன மேடு, ஸ்டீயரிங் தலைப் பகுதியில் இருக்கும். வண்டி உருளும்போது முன் சக்கரம் முறுக்கிக்கொண்டு அந்த மேட்டில் மோதும். இந்த வண்டியில் வலது பக்க மேடு அரம் போட்டுத் தேய்த்துச் சமன்செய்யப்பட்டிருந்தது. மேலே ஆரஞ்சு பெயின்ட். முதல் தலைமுறை ஆர்சியின் ட்ரெல்லிஸ் (குழாய்களை வெல்டு செய்த) ஃப்ரேமுக்குக் கம்பெனி போடுவது பவுடர் கோட்டிங். தின்னரில் நனைத்த துணியால் லேசாகத் துடைத்தால் அது வராது. கடை ஸ்ப்ரே துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இங்கே வந்தது. அதற்கடியில், வெல்டிங் விளிம்பில் முடி அளவுக்கு ஒரு கோடு. அது கீறலா, விரிசலா என்பதை விரிசலுக்குள் ஊறிக் காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடித்துத்தான் உறுதிசெய்ய முடியும். விரிசல் என்றால் ஃப்ரேம் போச்சு. வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம்.

ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று பார்க்க மெஷின் தேவையில்லை. முன் சக்கரத்தை இறக்கிவிட்டு, வெறும் ஆக்ஸிலைத் துடைத்து, லேசாக க்ரீஸ் தடவி இரண்டு ஃபோர்க் அடிக்குள்ளும் கையால் தள்ளுங்கள். நேரான ஃபோர்க் என்றால் விரல் அழுத்தத்திலேயே அடுத்த பக்கம் போய்விடும். சுத்தியல் கேட்டால் ஃபோர்க்கோ டி-ஸ்டெம்மோ கோணல். அதற்கு முன் ஆக்ஸிலையே தடித்த கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஆக்ஸிலின் வளைவுக்கு ஃபோர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்த வண்டியில் ஆக்ஸில் நேர்தான், ஆனால் இரண்டாவது ஃபோர்க்கில் சுமார் 3 மி.மீ. தள்ளி முட்டியது. ‘ஃபோர்க் சர்வீஸ்’ என்ற வரியைப் பற்றியும் சொல்லிவிடலாம்: மேல் மூடியில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, ஆயில் சாம்பல் நிறத்தில் நாற்றம் அடித்தது. வெளியே கசிந்த ஆயில் சீலைத் துடைத்ததுதான் அவர்கள் செய்த சர்வீஸ்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடதும் வலதுமாகத் திருப்பினால், நடுவில் எங்கேயாவது ‘டக்’ என்று உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கோன் செட் (ஸ்டீயரிங் பேரிங்) போய்விட்டது. இது சின்னச் செலவுதான், விலை பேச உதவும். ரிம் பெண்டுக்கு ஸ்விங் ஆர்மில் ஒரு ஜிப் டையைக் கட்டி, நுனியை ரிம் விளிம்புக்கு ஒட்டினாற்போல வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி மாறுவது கண்ணுக்கே தெரியும்.

டயர் கதை தனி. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். ‘சாஃப்ட் காம்பவுண்ட்’ என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் அது ரேஸ் டீம் கழித்துப்போட்ட டயர். ரேஸ் டயர் ஒவ்வொருமுறை சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகும். பள்ளம் நிறைய மிச்சம் இருக்கும், பிடிப்பு இருக்காது. ஓரத்தில் நீலம் ஓடியிருந்தாலோ, நகத்தை அழுத்தினால் தடம் பதியாமல் பிளாஸ்டிக் போல இருந்தாலோ வேண்டாம். இதே டயரை ரோட்டில் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: டயர் வார்மர் 80 டிகிரிக்குச் சூடாக்கிப் பயன்படுத்தும் டயர், ரோட்டில் அந்தச் சூட்டுக்கு வரவே வராது. குளிர்ந்த ரேஸ் டயரைவிட நல்ல சாதாரண ரேடியல் எவ்வளவோ மேல். காற்றும் அப்படித்தான், ரோட்டு அழுத்தத்திலேயே ட்ராக்கில் இறங்கினால், சூடேறி பல பிஎஸ்ஐ கூடி டயர் கல்லாகிவிடும். டயர் கம்பெனி ட்ராக்குக்குச் சொல்லும் அளவை வைத்து, செஷன் முடிந்து உள்ளே வந்தவுடன் அளந்து பாருங்கள்.

கூலன்டில் அவர்கள் செய்தது பாதி சரி. கிளைக்கால் கலந்த கூலன்ட் ட்ராக்கில் கொட்டினால் வழுக்கும், சுலபத்தில் காயாது. அதனால் ரேஸில் வெறும் டிஸ்டில்டு வாட்டர்தான். ஆனால் இதில் இருந்தது குழாய்த் தண்ணீர். ரேடியேட்டர் மூடிக்கு அடியில் வெள்ளை உப்புப் படிவு. அலுமினியத்துக்கு இது விஷம்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்துக் காட்டுவார்கள். ஆட்டோ டிகம்ப்ரஷன் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டர் அழுத்தத்தைத் தானே குறைக்கும் அமைப்பு) உள்ள சிங்கிள் சிலிண்டரில் அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை. சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட் கேளுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி, 20ஐத் தாண்டினால் வேண்டாம். வால்வ் கவர் போல்ட்டுகளில் ஸ்பேனர் தடமே இல்லையென்றால் வால்வ் க்ளியரன்ஸ் யாரும் பார்க்கவில்லை. ஓடோமீட்டரை நம்பாதீர்கள், ட்ராக்கில் ஓடிய வண்டிகளில் சக்கர சென்சாரையே கழற்றிவிடுவார்கள். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ மறைத்திருக்கிறார்கள்.

இதன் மறுபக்கமும் நடக்கிறது: ரேஸில் அடிபட்ட வண்டிக்குக் கம்பெனி பிளாஸ்டிக்கும் விளக்கும் மாட்டி, ‘டாக்டர் ஓட்டிய வண்டி, வீக்கெண்ட் மட்டும்’ என்று ரோட்டுக்கு விற்பது. அதைப் பிடிக்க டார்ச் போதும். ஆயில் ட்ரெயின் போல்ட்டின் தலையிலும் காலிப்பர் போல்ட்டுகளிலும் ஊசித் துளை இருக்கிறதா பாருங்கள். போல்ட் கழலாமல் லாக் வயர் கட்டுவதற்காக ரேஸ் டீம் போடுவது அது. வீக்கெண்டில் ஓட்டும் டாக்டர் யாரும் போல்ட்டில் துளை போட மாட்டார்.

பேப்பர். ‘ட்ராக்குக்குத்தானே, ஆர்.சி. புக் எதுக்கு?’ என்று கேட்பார்கள். லோன் முடியாத வண்டியும், இன்ஷூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆன வண்டியும், சில சமயம் திருட்டு வண்டியும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் கைமாறுகின்றன. ஸ்டீயரிங் தலையில் பொறித்த சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் அரசின் பரிவாஹன் இணையதளப் பதிவோடு ஒப்பிடுங்கள். படிவம் 29, 30இல் கையெழுத்தும், லோன் இருந்திருந்தால் படிவம் 35உம் வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் பாலிசி ரேஸையும் வேகச் சோதனையையும் வெளிப்படையாகவே விலக்குகிறது. ட்ராக்கில் விழுந்ததற்குக் கிளெய்ம் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால், மற்றதையும் அதே அளவுக்கு நம்புங்கள். விளக்கு கழற்றி, ரேஸ் எக்ஸாஸ்ட் மாட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு ட்ராக்குக்குப் போகவும் முடியாது. ஏற்றிச் செல்லும் வண்டி வாடகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தலைவலி எதற்கு என்பவர்களுக்கு: முதல் இரண்டு மூன்று ட்ராக் டேக்குத் தனி வண்டியே வேண்டாம். வீட்டில் இருக்கும் யமஹா ஆர்15, அப்பாச்சி ஆர்ஆர் 310, நிஞ்ஜா 300 எதுவானாலும் போதும். கண்ணாடியைக் கழற்றி, விளக்குகளில் டேப் ஒட்டி, புது பிரேக் ஆயிலும் நல்ல பேடும் போட்டு இறங்குங்கள். கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக் மொத்தமே 2.1 கி.மீ.; அங்கே 600 சிசி வண்டியைத் திறந்து ஓட்ட இடமே கிடையாது, 150 சிசியில் திருப்பம் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தனி வண்டி வேண்டுமென்றால், விழுந்தால் லீவர், ஃபுட்பெக், கிளிப்-ஆன் (ஃபோர்க்கில் மாட்டும் ஹேண்டில்) மூன்றும் அடுத்த வாரமே ஷோரூம் கவுன்டரில் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். பழைய யமஹா ஆர்6 (600 சிசி) மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, ஒரு கிளிப்-ஆனுக்காக சீசன் முழுக்கக் காத்திருக்கும் வண்டிகள் ஷெட்களில் நிறைய நிற்கின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கடையின் பதில்: ‘ட்ராக்கில் ஓட்டினால் வாரன்டி கிடையாது.’ ட்ராக் ரெடி என்று விற்ற வண்டிக்கு! பில், படங்கள், லீக்-டவுன் ரிப்போர்ட் எல்லாம் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் தயாராகிறது. அதே கடை வாசலில் இப்போது இன்னொரு ஆர்சி 390 நிற்கிறது. பில்லில் அதே ஆறு வரி, ஃபைபர் மட்டும் சிவப்பு.