நேரா விடை சொல்ற ஏஐயா, க்ளூ குடுக்குற ஏஐயா?

பசங்க கணக்கு படிக்க ஏஐ குடுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, துருக்கில ஒரு ஹைஸ்கூல்ல 2023ல நடந்த ஆய்வத்தான் நான் முதல்ல சொல்லுவேன். பென்சில்வேனியா யுனிவர்சிட்டி ஆளுங்க கிட்டத்தட்ட 1000 பசங்கள மூணா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு வெறும் புக்கும் நோட்டும், மத்த ரெண்டுக்கும் ஜிபிடி-4ங்கிற ஏஐ மாடல குடுத்தாங்க, ஆனா ரெண்டு விதமா.

முதல் விதம் நாம தினம் யூஸ் பண்ற சாட் மாதிரியேதான், கேட்டா விடைய அப்படியே நீட்டிடும். பிராக்டிஸ்ல மார்க் புக் குரூப்ப விட 48% ஏறிச்சு, பாக்க நல்லாதான் இருக்கு, ஆனா ஏஐய எடுத்துட்டு பரீட்சை வச்சா, ஏஐயே தொடாத பசங்கள விட 17% கம்மி. நிறைய பேர் விடை என்னன்னு மட்டும்தான் கேட்டிருக்காங்க, அது பல கணக்க தப்பா வேற போட்டுச்சு. கம்மியா கத்துக்கிட்டோம்னே அந்த பசங்களுக்கு தோணல, எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது அதுதான்.

ரெண்டாவது, டியூட்டர். மாடல் அதேதான். ஆனா ஒவ்வொரு கணக்குக்கும் சரியான விடை, பசங்க வழக்கமா எங்க சறுக்குவாங்க, அங்க என்ன க்ளூ குடுக்கணும்னு டீச்சருங்க சொன்னதெல்லாம் உள்ள போட்டு, விடைய மட்டும் சொல்லாதன்னு கட்டி வச்சிருந்தாங்க. பிராக்டிஸ்ல 127% ஏத்தம்! பரீட்சையில அந்த அடியும் பெருசா விழல, ஆனா புக் வச்சு படிச்சவங்கள தாண்டவும் இல்ல.

என் ஓட்டு டியூட்டருக்குத்தான், ஏன்னா அதுல டீச்சரோட அனுபவம் இருக்கு. வீட்ல சாதா சாட்தான் இருக்குன்னா, விடை வேணாம் அடுத்த ஸ்டெப்புக்கு ஒரு க்ளூ மட்டும் குடுன்னு முதல்லயே டைப் பண்ண சொல்லுங்க, புள்ளைங்க போட்ட ஸ்டெப்ப நீங்களும் கூட உக்காந்து பாருங்க.