பப்மெட்: இலவசம்தான், தேடத் தெரிந்தால்

"மேடம், பப்மெட்ல போட்டுப் பாத்துட்டேன், என் டாபிக்ல ஒரு பேப்பர்கூட இல்ல." தீசிஸ் சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், கொடுக்கும் மாதம் வந்தால் இப்படி ஒரு பிஜி மாணவராவது என் மேசை முன்னால் வந்து நிற்பார். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை, அதனால் எனக்குப் பழகிப்போன வசனம். அவருடைய லேப்டாப்பைப் பார்த்தால், தீசிஸ் தலைப்பு முழுவதும், 'தென் தமிழகத்தின் ஒரு மருத்துவமனையில்' என்பது உட்பட, இரட்டை மேற்கோள் குறிக்குள் உட்கார்ந்திருக்கும். அதே தலைப்பில் வேறொருவர் எழுதியிருந்தால்தான் ஐயா உங்களுக்குப் பிரச்சினை!

தெரியாதவர்களுக்கு: மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் சேவை பப்மெட். 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். கணக்கு தொடங்க வேண்டாம், விளம்பரத் தொல்லை கிடையாது. 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் உள்ளே இருக்கிறது. விவரம் என்றுதான் சொல்கிறேன், கட்டுரை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதன் உயிர், பார்வைக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மெஷ் என்று ஒரு கலைச்சொல் அடுக்கு. 'என்டரிக் ஃபீவர்' என்று நீங்கள் அடித்தால், அது டைபாய்டு என்ற தலைப்பின் கீழ் அடுக்கப்பட்ட கட்டுரைகளையும் தானாகவே இழுத்து வந்துவிடும். மேற்கோள் குறி போட்டீர்களோ, அந்த வேலை நின்றுபோகும். எழுத்துக்கு எழுத்து பொருந்துவது மட்டுமே வரும். மாணவர்களின் பாதிப் புகாருக்குக் காரணம் இதுதான். நீங்கள் அடித்ததை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்க்க, 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் தேடல் வரலாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அழுத்தினால் முழு வாக்கியமும் விரியும். இவ்வளவு நேர்மையாகத் தன் உள்வேலையைக் காட்டும் தேடுபொறி வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் அப்படி ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

எதைத் தேடலாம் என்பதற்கு எல்லையே இல்லை. சமூக மருத்துவத் துறை மாணவி ஒருவர் போலி மருந்துகளைப் பற்றிச் சினாப்சிஸ் எழுத வந்தார். 'ஃபேக் அர்டிசுனேட்' என்று இரண்டே சொல் போட்டோம். 2008இல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்த ஒரு கட்டுரை கிடைத்தது. வியட்நாம், கம்போடியா, லாவோஸ், மியான்மர் நாடுகளிலும் தாய்லாந்து-மியான்மர் எல்லையிலும் சேகரித்த 391 மலேரியா மாத்திரை மாதிரிகள். ஏறக்குறைய பாதியில் மருந்து அறவே இல்லை, அல்லது பெயருக்குக் கொஞ்சம். அசல் என்று காட்ட அட்டையில் ஒட்டும் ஹாலோகிராமில் மட்டும் 16 வகைப் போலி. மருந்துக்குப் பதில் என்ன இருந்தது தெரியுமா? சிலவற்றில் சாஃப்ரோல், அதாவது எக்ஸ்டசி என்ற போதைமாத்திரை தயாரிப்பதற்கான மூலப்பொருள்! மலேரியா மாத்திரையும் போதைமாத்திரையும் ஒரே கூரையின் கீழ் உருவாகியிருக்குமோ என்று யோசிக்க வைக்கும் தடயம் அது.

வேதியியலோடு அவர்கள் நிற்கவில்லை. மாத்திரைக்குள் சிக்கியிருந்த மகரந்தத் துகள்களையும் கால்சைட் கனிமத்தையும் ஆராய்ந்து, சரக்கின் ஒரு பகுதியாவது தென் சீனாவிலிருந்து வந்தது என்று ஊகித்தார்கள். இன்டர்போல் கூடவே இருந்தது. தகவல் சீன அரசுக்குப் போய், 2 லட்சத்து 40 ஆயிரம் அட்டை போலி மாத்திரை வியாபாரம் செய்ததாக ஒருவர் கைதானார். மருத்துவர்கள், மகரந்த நிபுணர், போலீஸ் எல்லோரும் சேர்ந்து எழுதிய ஆய்வு. முழுக் கட்டுரையும் இலவசம். அந்த மாணவி கட்டுரைச் சுருக்கத்துக்குக் கீழே இருக்கும் 'சிமிலர் ஆர்ட்டிகிள்ஸ்' பட்டியலில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, நூலகம் மூடும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பட்டியலுக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.

பழைய சரக்கு தேடுகிறவர்களுக்கு வேறு அனுபவம். வேலூரில் பேக்கரும் மாத்தனும் செய்த டிராபிகல் ஸ்ப்ரூ ஆய்வுகள், ஒரு காலத்தில் வட ஆர்க்காடு கிராமங்களை ஆட்டிப்படைத்த வயிற்றுப்போக்கு நோயைப் பற்றியவை. பெயர் போட்டால் வரும். ஆனால் 1975க்கு முந்தைய பெரும்பாலான பதிவுகளில் அப்ஸ்ட்ராக்ட், அதாவது கட்டுரைச் சுருக்கம், கிடையாது, தலைப்பும் பக்க எண்ணும்தான். 'கட்' (Gut) போன்ற சில இதழ்கள் பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து, முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் போட்டிருப்பதால் அங்கே தப்பித்தோம்.

சரி, குறைக்கு வருவோம். தலைப்பைப் பார்த்து ஆசையோடு பதிப்பாளர் பொத்தானை அழுத்தினால், அங்கே டாலரில் விலை. இது பப்மெட்டின் குற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும், விடிந்தால் மருந்தியல் செமினார் வைத்திருக்கும் பையனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு நிறுவனங்களுக்கு இந்தக் கவலையைப் பெருமளவு குறைத்திருக்கிறது. எங்களுடையது தனியார் கல்லூரி. நாங்கள் இலவசமாக முழுதும் கிடைப்பவற்றை மட்டும் காட்டும் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' பெட்டியில் டிக் அடித்துத்தான் காலம் தள்ளுகிறோம். அப்படிச் செய்தால் முக்கியமான கட்டுரைகள் கண்ணிலேயே படாமல் போகும் என்பதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இன்னொன்று, சேவையின் குறையா பயன்படுத்துகிறவர்களின் குறையா என்று என்னால் முடிவு செய்ய முடியாதது. "பப்மெட்லயே இருக்கு மேடம், அப்புறம் என்ன?" பப்மெட்டில் இருப்பது தரச்சான்று இல்லை. அந்த நூலகம் தேர்வு செய்து சேர்க்கும் மெட்லைன் தொகுப்பின் இதழ்களும், வேறு வழியாக உள்ளே வந்தவையும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்துருவில் வருகின்றன. மெட்லைன் மட்டும் வேண்டும் என்றால் வடிகட்டி உண்டு, கூடுதல் வடிகட்டிகளைத் திறந்து தேட வேண்டும். காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் 'பேப்பர் மில்' கும்பல்கள் கொடிகட்டிப் பறக்கும் காலம் இது. 2023இல் ஹிண்டாவி பதிப்பகம் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. போலி மாத்திரைக் கும்பலுக்கும் இவர்களுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

திரும்பப் பெற்ற கட்டுரையை பப்மெட் அழிப்பதில்லை. பக்கத்தின் தலைமாட்டிலேயே அறிவிப்பு ஒட்டிவிடுகிறது. தடுப்பூசியையும் குடல் அழற்சியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது, 2010இல் திரும்பப் பெறப்பட்டது. இன்றும் தேடினால் அந்த அறிவிப்போடு வரும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறும் முன்பே இறக்கி வைத்த பிடிஎஃப் கோப்பில் அப்படி அறிவிப்பு இருக்காது. தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் மேற்கோள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் மறுபடி பப்மெட்டில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

வயிறு சரியில்லை என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தேடுகிறவர்களுக்கு இது உகந்த இடம் இல்லை. அவர்களுக்காக அதே நூலகம் மெட்லைன்பிளஸ் என்று தனித் தளம் வைத்திருக்கிறது, எளிய ஆங்கிலத்தில். என் தம்பிக்கு அதைத்தான் அனுப்பினேன்.