மாஸும் லிவர்வொர்ட்டும் தேட எந்த அருவி: குட்லாடம்பட்டியா, கும்பக்கரையா, வெள்ளி அருவியா?

மாஸ், லிவர்வொர்ட் இரண்டுமே ஈரப் பாறையிலும் மண்ணிலும் படரும் குட்டிப் பச்சைச் செடிகள். மதுரையிலிருந்து இவற்றைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் எந்த அருவி பெரியது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் தண்ணீர் அடித்து விழும் பாறையில் இந்தச் செடிகள் அதிகம் ஒட்டுவதில்லை. சாரல் மட்டும் படுகிற, வெயில் எட்டாத பக்கவாட்டுப் பாறைதான் நமக்கு வேண்டியது. இந்தச் செடிகளுக்கு உண்மையான வேர் கிடையாது, உடம்பாலேயே தண்ணீரை உறிஞ்சுகின்றன. ஆண் அணு நீந்திப்போய்ப் பெண் அணுவைச் சேரவும் மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். ஈரமும் நிழலும் எங்கே தங்குகின்றன என்பதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் கும்பக்கரை கடைசிதான். பெரியகுளத்துக்குப் பக்கம், குளிக்க அருமையான இடம். ஆனால் பாம்பாறு இழைத்த அகலப் பாறை வெயிலில் கிடக்கிறது. காலை வழுக்கிவிடுவது பெரும்பாலும் மாஸ் இல்லை, ஆல்கா என்ற நீர்ப்பாசி. சோப்பு நுரை வேறு. ஓரத்து மரங்களின் வேர் இடுக்கில் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான்.

வாடிப்பட்டிப் பக்கம் சிறுமலைச் சரிவில் இருக்கும் குட்லாடம்பட்டிக்கே என் ஓட்டு. மழை போனால் அருவியும் வற்றிவிடும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். மாஸைப் புரிந்துகொள்ள அந்த வறட்சியே உதவும். நம் ஊர்ப் பாறையிலும் செங்கல் சுவரிலும் சாதாரணமாக வளரும் ஹயோஃபைலா என்ற மாஸ், காய்ந்தால் இலைகளை உள்பக்கம் சுருட்டிக்கொண்டு கருகின மாதிரி கிடக்கும். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக் குனியுங்கள். சுருண்ட இலைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து பச்சையாகிவிடும். செத்துப்போனது என்று நினைத்ததா இது என்று தோன்றும்! கார்த்திகை, மார்கழியில் போனால் ஈரப் பாறையில் ஃபிஸிடென்ஸ் என்ற மாஸைத் தேடுங்கள். இரண்டே வரிசையில் தட்டையாக இலை அடுக்கியிருக்கும். ஓடையோர மண்ணில் வட்டமாகப் படிந்து கிளை பிரியும் ரிக்சியா என்ற லிவர்வொர்ட்டையும் பாருங்கள்.

வகைகள் நிறைய வேண்டுமென்றால் கொடைக்கானல் வெள்ளி அருவி. சுமார் 1,800 மீட்டர் உயரம், மூடுபனி, குளிர். ஏரியின் உபரி நீர்தான் 55 மீட்டர் சரிந்து விழுகிறது. அருவி வாசலில் கூட்டமும் கடைகளும்தான். நான் அங்கே நிற்பதே இல்லை. மலைப்பாதையில் நீர் கசியும் மண்சரிவுகளுக்குப் போய்விடுவேன். அங்கே மார்கான்ஷியா என்ற லிவர்வொர்ட்டின் தட்டையான பச்சை உடல் மேல், விளிம்பில் பல் வெட்டிய குட்டிக் கிண்ணங்கள் இருக்கும். உள்ளே பச்சைத் துணுக்குகள். மழைத்துளி விழுந்து தெறித்தால் ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடி. பக்கத்துச் செண்பகனூரில் இருந்த ஜார்ஜ் ஃபொரோ என்ற இயேசு சபைப் பாதிரியார் பழனி மலை மாஸ்களைச் சேகரித்து, 1961-இல் பட்டியலாகவே வெளியிட்டார்.

எங்கே போனாலும் படம் மட்டும் எடுங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் சுரண்டி எடுக்கக் கூடாது. பள்ளி விடுமுறை என்று சித்திரையில்தான் போக முடியும் என்றால், கொடைக்கானலுக்கே போய்விடுங்கள். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால் கூட்டம் சேருமுன் பார்த்துவிடலாம்.