திருச்சி விமான நிலையம்: முனையம் அருமை, ஓடுதளம்தான் போதவில்லை

கட்டடத்துக்கு முழு மார்க் போடுகிறேன். 2024 ஜனவரி 2-ம் தேதி பிரதமர் திறந்துவைத்து, ஜூன் 11-லிருந்து பயணிகள் புழக்கத்துக்கு வந்த திருச்சியின் புது முனையம் சுமார் 75,000 சதுர மீட்டர். ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்துபோகலாம் என்ற கணக்கில், 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய முனையம் 2009-ல் வந்தது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போகிற கூட்டத்துக்கு அது எப்போதோ பத்தாமல் போய்விட்டது.

புதியதில் முகப்பிலேயே திருவரங்கத்துக் கோபுர வண்ணங்கள் தெரிகின்றன, உள்ளே கோலங்கள், சுவர் முழுக்க ஓவியங்கள். நம் ஊர் விமான நிலையம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள், அது நன்றாகவே வந்திருக்கிறது. புறப்பாடு மேல் தளத்தில், வருகை கீழ்த் தளத்தில் என்பதால் வழியனுப்ப வருகிறவர்களும் கூட்டிப்போக வருகிறவர்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதில்லை. திருச்சிக்கு இது ரொம்ப முக்கியம். இங்கே ஒருவர் கிளம்பினால் ஒரு வேன் ஆட்கள் கூட வருவார்கள். அட்டைப்பெட்டியைச் சுற்றி நைலான் கயிறு, நாலு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெயரும் ஊரும் போன் நம்பரும், பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழாமல் நிற்கப் பார்க்கிற ஒரு பெண். புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர், சிவகங்கைப் பக்கமிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு இதுதான் வாசல். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்துபோகிற நிலையம் இது. இந்தியாவில் இப்படிப்பட்ட நிலையங்கள் சிலதான்.

அப்புறம், மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்டுவந்த கேள்வி: எங்கள் ஊரிலிருந்தும் கொழும்புக்கும் துபாய்க்கும் விமானம் போகிறதே, திருச்சி மட்டும் எப்படிப் பன்னாட்டு விமான நிலையம் ஆனது? அது அரசு தருகிற அந்தஸ்து. திருச்சிக்கு 2012-ல் கிடைத்தது. வெளிநாட்டு விமானம் வந்துபோகத் தேவையான சுங்கம், குடியேற்றச் சோதனை வசதிகள் மட்டும் இருந்தால் ‘சுங்க விமான நிலையம்’ என்பார்கள். மதுரை நெடுங்காலம் அந்த வகையில்தான் இருந்தது. சேலம், தூத்துக்குடி உள்நாட்டு நிலையங்கள். இன்னொரு வகையும் உண்டு: புனே மாதிரி, விமானப்படைத் தளத்தில் ஒரு பகுதியை மட்டும் பயணிகளுக்கு ஒதுக்கியிருப்பார்கள். அங்கெல்லாம் ஓடுதளம் படையினர் கையில்.

இனி, யார் எதற்குப் பொறுப்பு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு முறை புறப்பாட்டு வாசலில் ஒரு பெரியவர், கூடுதல் எடைக்குப் பணம் கேட்டுவிட்டார்கள் என்று அங்கே காவலுக்கு நின்ற சிஐஎஸ்எஃப் (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) ஜவானிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஜவானுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. கட்டடம், ஓடுதளம், டிராலி, கழிவறை, ஏசி எல்லாம் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் பொறுப்பு. 1995-ல் இரண்டு பழைய ஆணையங்களை இணைத்து உருவாக்கியது அது. வாசலில் டிக்கெட் பார்ப்பதும் உடலைச் சோதிப்பதும் சிஐஎஸ்எஃப். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற கவுண்டர் உள்துறை அமைச்சகத்தின் கீழ், சுங்கம் நிதி அமைச்சகத்தின் கீழ். பெட்டியை எடை போட்டு போர்டிங் பாஸ் தருவது விமான நிறுவனமோ அது அமர்த்திய ஏஜென்சியோதான். நிலையத்துக்கு உரிமம் தருவது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற அரசு அமைப்பான டிஜிசிஏ. இத்தனை பேர் சேர்ந்து நடத்துகிற இடம் என்று தெரிந்துவிட்டால், எங்கே யாரிடம் பேசுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கண்ணில் படாத இன்னொரு வேலையும் ஆணையத்திடம்தான் இருக்கிறது: வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு வந்து, 141 பேரோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்தது நினைவிருக்கும். நிறைய எரிபொருளோடு இறங்கினால் எடை அதிகம், அதனால் எரிபொருள் போதுமான அளவு குறையும்வரை சுற்றினார்கள். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தயாராக நின்றன, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இறங்கியது. ஒரு விமான நிலையத்தை மதிப்பிடுவதானால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன், காபிக் கடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, குறைக்கு வருகிறேன். ஓடுதளத்தின் நீளம் சுமார் 2,480 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுதளம் 3,658 மீட்டர், கொச்சியில் 3,400. ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி ஒற்றை நடைபாதை விமானங்களுக்குத் திருச்சியின் நீளம் போதும். முழுச் சுமையும் நிறைய எரிபொருளும் ஏற்றிக்கொண்டு லண்டனுக்கோ பாரிஸுக்கோ நேராகப் பறக்கிற பெரிய விமானத்துக்குப் போதாது, அதிலும் நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் மேலெழும்ப இன்னும் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். 44 லட்சம் பேருக்கு இடம் கட்டிவிட்டு ஓடுதளத்தைப் பழைய நீளத்திலேயே விட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நிலத்தைக் கையகப்படுத்தித் தருவது மாநில அரசின் வேலை, ஓடுதளம் போடுவது ஆணையத்தின் வேலை, நடுவில் பாதுகாப்புத் துறை நிலமும் இருக்கிறது. மூன்று கைகள் சேர வேண்டிய காரியம் என்பதாலேயே வருடக்கணக்கில் இழுக்கிறது.

தனியாருக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அரசுச் சொத்துகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்ட 2021-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட ‘சொத்துப் பணமாக்கல்’ பட்டியலில் திருச்சியும் இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. குத்தகைக்கு எடுக்கிறவர் கடையும் பார்க்கிங்கும் நன்றாக நடத்தலாம், நிலம் எடுத்துத் தர அரசுதான் வர வேண்டும். எனக்குப் பிடித்தது கொச்சி வழி. கேரள அரசு முன்நின்று, வெளிநாடுவாழ் மலையாளிகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்து நிறுவனம் தொடங்கி, 1999-ல் நிலையத்தைத் திறந்தார்கள். 2015-ல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயரும் அதற்கு வந்தது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் பணம் போட மாட்டார்களா என்ன?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பேருந்தில் வந்து புதுக்கோட்டை சாலையில் இறங்கினால் முனையம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, பெட்டியோடு நடப்பது சிரமம். முதன்முறை வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள், பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’ (வேலைக்காக வெளிநாடு போக அரசு அனுமதி தேவை) என்று இருந்தால் அரசின் இ-மைக்ரேட் இணையதளம் மூலம் அனுமதி வாங்கிவிட்டோமா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் நிறுத்திவிட்டால் அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குறை ஏதும் இருந்தால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியில் எழுதலாம். நிலையம், விமான நிறுவனம், பாதுகாப்பு, சுங்கம் என்று எந்தப் பிரிவு என்பதை அதிலேயே தேர்ந்தெடுக்கலாம். தேதி, விமான எண், நேரம் மூன்றையும் மறக்காமல் போடுங்கள்.